மாமா கட்டிங் பிளேயர் வாங்கிய மூன்று மாதம்

எங்கள் ஊருக்குக் கரண்ட் கொண்டுவர அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தைப் பற்றி யாரும் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை. கம்பம் நட ஒரு வருடம், கம்பி இழுக்க இன்னொரு வருடம், நடுவில் எதற்கென்றே தெரியாமல் ஒரு வருடம். மழையைப் போல அதுவும் வரும்போது வரட்டும் என்று ஜனங்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் என் மாமா ஒரு கட்டிங் பிளேயர் வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டதை மட்டும் ஊர் மன்னிக்கவே இல்லை.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். பதினோரு வீடுகள். சாமையும் புளியும்தான் பிழைப்பு. எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு வேலூருக்குப் போய் ஒரு ஒயரிங் மேஸ்திரியிடம் இரண்டு வருடம் வேலை செய்தார். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு சட்டை. ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டதற்கு, "ஒத்துக்கலக்கா" என்று மட்டும் சொன்னார். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா, சாப்பாடா, மேஸ்திரியா என்று விவரம் ஏதும் இல்லை. அம்மா தானாகவே தண்ணீர் என்று முடிவு செய்துகொண்டாள். கேட்டவர்களிடமெல்லாம் வேலூர்த் தண்ணீரைப் பழித்தாள். மாமா அப்பாவோடு கொல்லைக்காட்டுக்குப் போய்ச் சாமை விதைத்தார். அப்படியே ஒரு வருடம் ஓடியது.

அதற்குள் கம்பி எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. லைன்மேன் வந்து, கம்பம் வரைக்கும்தான் தங்கள் வேலை, வீட்டுக்குள் ஒயரிங் செய்து வைத்தால் இணைப்புக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். போளூரில் லைசன்ஸ் வைத்திருந்த ஒரு கான்ட்ராக்டர் இருந்தார். வேலையை யார் செய்தாலும், சரியாக இருந்தால் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டார். ஊர் முழுக்க மாமாவின் பக்கம் திரும்பியது. நம் ஆள் ஒருவன் வேலூரிலேயே வேலை செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது கீழேயிருந்து வேறு ஆளை எதற்குக் கூட்டிவர வேண்டும்?

மாமா மறுக்கவில்லை. "சாமானு எதுவும் இல்லியே. ஒரு நல்ல கட்டிங் பிளேயர் வேணும். அது இல்லாம ஒயர தொட மாட்டேன்" என்றார்.

இது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த சந்தையன்று ஜமுனாமரத்தூருக்குக் கிளம்பினார். பள்ளி இல்லாததால் நானும் போனேன்.

சந்தையில் சாக்கு விரித்து அரிவாள், பூட்டு, ஆணி எல்லாம் விற்கிற ஒருவர் இருந்தார். அவரிடம் நான்கு கட்டிங் பிளேயர்கள் இருந்தன. மாமா குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்தார். அதன் வாயை இறுக்கி மூடி வானத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். வாய் மூடியபின் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார் என்பது, நான்காவதைத் தூக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மிஞ்சின. அவற்றை ஒரே கையில் பிடித்துத் திறந்து மூடினார். ஆணியடித்துச் சேர்த்த இடம் ஆடுகிறதா என்று காதருகே வைத்துக் குலுக்கினார். சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டுக் காகிதத்தை எடுத்து, வெட்டும் பகுதியில் வைத்து அழுத்தினார். ஒன்று காகிதத்தை வெட்டியது. இன்னொன்று மடக்கிக் கடித்தது. வெட்டியதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பிடியில் மாட்டியிருந்த ரப்பர் உறையை இரண்டு விரலால் பிடித்து, பால் கறப்பதுபோல் இழுத்தார். உறை வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"யோவ், அது இன்னா மாட்டு மடியா? வெச்சிட்டுப் போ" என்றார் கடைக்காரர்.

மாமா உறையைத் திரும்ப மாட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தார். அந்த மாதத்தில் வந்த சந்தை ஒவ்வொன்றிலும் இதே நடந்தது. பிறகு அந்த வியாபாரி மாமாவைத் தூரத்தில் பார்த்ததும் கட்டிங் பிளேயர்களை எடுத்துச் சாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

இரண்டாவது மாதம் அப்பா களத்தில் இறங்கினார். புளி விற்கப் போளூருக்குப் போனவர் திரும்பும்போது ஒரு கட்டிங் பிளேயரோடு வந்தார். சிவப்புப் பிடி. இரும்பு முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. பிடியில் ஆயிரம் என்று ஒரு எண் அச்சடித்திருந்தது. ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அப்பா அதைக் காகிதத்திலிருந்து பிரித்து மாமாவின் முன்னால் வைத்தார். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்துதான் எடுத்தார். வேலிக்கம்பியில் ஒரு துண்டை வெட்டினார். கம்பி வெட்டுப்பட்டது. கூடவே கட்டிங் பிளேயரின் வாயிலும் கம்பி கனத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. பிறகு உறையைப் பிடித்து இழுத்தார். அது வந்துவிட்டது.

அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். "வூட்டு வேலைக்கு ஆகும் மாமா. தொழிலுக்கு ஆகாது" என்றார்.

"வூட்டுக்கும் தொழிலுக்கும் இன்னாடா வித்தியாசம்? புடிக்கிற கை ஒண்ணுதானே?"

"வூட்ல மாசத்துக்கு ஒரு ஆணி புடுங்குவோம். தொழில்ல நாளு பூரா அதுங்கூடவே இருக்கணும். ஆயிரம்னு எழுதிக் கீதுன்றீங்க. எழுத்து யாரு வேணா போடலாம்."

அப்பா அதற்குப்பின் பத்து நாள் மாமாவிடம் நேரடியாகப் பேசவில்லை. வேண்டியதை அம்மாவிடம் சொல்வார், அம்மா தம்பியிடம் சொல்வாள். மூவரும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கட்டிங் பிளேயரை அப்பா தானே வைத்துக்கொண்டு வேலிக்கம்பி முறுக்கினார், ஆணி பிடுங்கினார், போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் அதைப் புகழ்ந்தார். ஒரு மாதத்தில் அதன் வாய் இடவலமாக ஆட ஆரம்பித்தது. அப்பா புகழ்வதை நிறுத்தவில்லை, ஆனால் யார் கையிலும் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது மாதம் ஊர்த் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மாவிடம்தான் பேசினார்.

"உந்தம்பி வருவான்னு ஊரே குந்திக்கினு கீது. ஆடிக்குள்ள ஆவலைன்னா போளூர்லேர்ந்து ஆளு கூட்டியாந்துக்குறோம். அப்புறம் எங்கள ஒண்ணும் சொல்லக் கூடாது."

அவர் போனபின் அம்மா வெகுநேரம் கேழ்வரகைப் புடைத்தாள். தேவைக்கு மேலேயே புடைத்தாள். தன் பிறந்த வீட்டுப் பெருமை முழுவதும் ஒரு இரும்புச் சாமானில் சிக்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தாங்கவில்லை. கடைசியில் மாமாவை வேலூருக்கே போய் வாங்கி வரச் சொன்னாள். துணைக்கு என்னை அனுப்பினாள். பணத்தை அவரிடம் தராமல் என் பள்ளிக்கூடப் பையில் வைத்து ஊக்குப் போட்டாள்.

"அவன் எதனா நொட்ட சொல்லிட்டு வெறுங்கையோட வந்துடுவான். நீ வுடாத. வாங்காம வராதீங்க" என்றாள் என்னிடம்.

இப்படி ஒரு பொறுப்பு அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. விடிகாலையில் நடந்து, ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, மலை இறங்கிப் போளூர், அங்கிருந்து வேறு பஸ்ஸில் வேலூர். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஆனாலும் பையை விடவில்லை. மாமா வழக்கமாக எனக்குப் பஸ்ஸில் கதை சொல்லுவார். அன்று போளூர் தாண்டியபின் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாந்திதான் அவருக்குச் சலிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வேலூர் கடைவீதியில் முதல் கடைக்காரர், "வூட்டுக்கா, தொழிலுக்கா?" என்று கேட்டார். மாமா தொழிலுக்கு என்றார். எந்த ஊர் என்று கேட்டார். ஜவ்வாது மலை என்றதும் எடுத்த பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வேறு பெட்டியை எடுத்தார்.

"மலைக்கு இது போதும்பா."

மாமா அதில் ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் வெளியே வந்தார். எனக்குக் கோபம் வந்தது, கடைக்காரர்மேல் அல்ல, மாமாமேல். இரண்டாவது கடையில் நல்ல சரக்காகத்தான் காட்டினார்கள். ஆனால் மாமாவுக்கு ஒன்று கனமாக இருந்தது, ஒன்றின் பிடி விரலுக்கு எட்டவில்லை, ஒன்றின் உறையில் மயிரிழை போல ஒரு கீறல். அந்தக் கீறலை எனக்கும் காட்டினார். எனக்கு எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது கடைக்காரர் வயதானவர், தடித்த கண்ணாடி போட்டிருந்தார். மாமா படியேறியதும் உற்றுப் பார்த்தார்.

"நீ நம்ம மேஸ்திரிகிட்ட இருந்த மலைப் பையன்தானே? ஒரு வருசமா ஆளையே காணோமே. அன்னிக்கி அந்த..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "இன்னா வேணும், சொல்லு" என்றார்.

மாமா சொன்னார். கடைக்காரர் வீட்டுக்கா தொழிலுக்கா என்று கேட்கவில்லை. முன்னால் தொங்கிய எதையும் எடுக்கவும் இல்லை. உள்ளே போய் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பார்க்க அழகே இல்லாத கட்டிங் பிளேயர். மங்கலான கறுப்பு. பிடியின் உறை தடிமனாக, இரும்போடு சேர்த்தே வார்த்ததுபோல் இருந்தது.

மாமா வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சம் தெரியவில்லை. குலுக்கினார். சத்தம் இல்லை. காகிதத்தை வெட்டியது. மாமா கேட்டு வாங்கிய ஒரு ஆணியையும் வெட்டியது. வெட்டிய வாயில் விரலை வைத்துத் தேடினார். பள்ளம் இல்லை. கடைக்காரர் தானாகவே ஒரு அரத்தை எடுத்துக் கொடுத்தார். அரம் அந்த வாயில் ஏறாமல் வழுக்கியது. கடைசியாக உறையை இழுத்தார். கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். முறுக்கினார். கைக்குட்டையை நனைத்து உறையை ஈரப்படுத்தி மறுபடி இழுத்தார். அது அசையவில்லை.

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதமாகத் தேடியது கிடைத்த ஆளின் முகமாக அது இல்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து ஆசிரியரிடம் மாட்டிக்கொண்ட என் வகுப்புப் பையன்களின் முகம் அப்படி இருக்கும்.

பிறகு, "ஒயர் ஸ்ட்ரிப்பர் ஒண்ணு வேணுமே" என்றார்.

ஒயரின் மேல்தோலை உரிக்கிற சாமான் அது. மலையில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பெரும்பாலான ஒயர்மேன்கள் பிளேடால் சீவுவார்கள், இல்லாவிட்டால் பல்லால் கடித்து இழுப்பார்கள் என்று கடைக்காரர் சொன்னார். மாமா, தனக்குப் பல்லில் நம்பிக்கை இல்லை என்றார். கடைக்காரர் இரண்டு மூன்று எடுத்துப் போட்டார். ஒயரின் கனத்துக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ள அவற்றில் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. மாமா ஒரு ஒயர்த் துண்டை உரித்து, உள்ளே இருந்த செம்பு இழைகளைப் பிரித்து எண்ணினார். ஏழு இழையில் ஒன்று வெட்டுப்பட்டிருந்தது. ஒரு இழை போனால் அந்த இடத்தில் சூடு ஏறும் என்று சொல்லி அதை ஒதுக்கினார். அடுத்ததில் திருகாணி நிற்கவில்லை, உரிக்க உரிக்கத் தானாகச் சுற்றிக்கொண்டது. மூன்றாவது ஏழு இழையையும் முழுசாக விட்டது. ஐந்து தடவை உரித்தார். ஐந்து தடவையும் ஏழு.

இனிமேல் சொல்ல எதுவும் இல்லை. மாமா எழுந்தார்.

"ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். நீ இங்கியே குந்திக்கினு இரு, பாப்பா."

அவர் போய்விட்டார். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம் போயிற்று. பத்து டீ குடிக்கிற நேரமும் போயிற்று. மாமா வரவில்லை. அம்மா சொன்னது சரிதான், இவர் வந்து வேறு ஏதாவது நொட்டை கண்டுபிடிக்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. பையின் ஊக்கைக் கழற்றினேன்.

"ரெண்டத்தையும் கட்டிக் குடுங்க" என்றேன்.

கடைக்காரர் என்னையே பார்த்தார். "மாமா மறுபடி வேலைக்கு வர்றானா?"

"எங்க ஊர்ல பதினோரு வூடு. எல்லாம் அவருதான் செய்யப் போறாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டிங் பிளேயரையும் ஸ்ட்ரிப்பரையும் காகிதத்தில் கட்டி என் கையில் கொடுத்தார்.

"நல்லாப் பாத்துக்கோம்மா" என்றார்.

"துரு புடிக்காம பாத்துக்குறோம்" என்றேன்.

மாமா வந்தபோது தலைமுடி வரைக்கும் நனைந்திருந்தது. எங்கேயோ குழாயில் தலையைக் காட்டியிருக்கிறார். என் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"சரி" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது வளைவுகளில் நான் வாந்தி எடுக்கவில்லை. காரியத்தை முடித்துவிட்ட பெருமையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அம்மா என் தலையைத் தடவி, அப்பாவிடம், "ரெண்டு ஆம்பளைங்க மூணு மாசத்துல முடிக்காதத எம்பொண்ணு ஒரு நாள்ல முடிச்சிட்டு வந்துட்டா" என்றாள். அப்பாவுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

மாமா மறுநாளே வேலையை ஆரம்பித்தார். பதினோரு வீட்டையும் ஒன்பது நாளில் முடித்துவிட்டார். அவ்வளவு வேகமான ஆள் என்று யாருக்கும் தெரியாது. சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் ஒயரைக் கிளிப்பில் பிடித்துக்கொண்டு போவது நூல் பிடித்தாற்போல் இருக்கும். ஒரே ஒரு பழக்கம்தான் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு ஒயரையும் தொடுவதற்கு முன் டெஸ்டரை வைத்துக் கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பார். ஊருக்கே இன்னும் கரண்ட் வரவில்லை. கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒயரே கட்டவில்லை. ஒயர்ச் சுருளில் இருந்து அப்போதுதான் அறுத்த துண்டிலும் டெஸ்டரை வைப்பார். பிள்ளைகள் நாங்கள் குச்சியை எடுத்துக்கொண்டு மாடு, ஆடு, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் தொட்டுக் கரண்ட் பார்த்துத் திரிந்தோம். மாமா அதைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

கான்ட்ராக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆடி பிறந்து சில நாளில் லைன்மேன்கள் வந்து இணைப்புக் கொடுத்தார்கள். சூரியன் மறைகிற நேரத்தில் ஒவ்வொரு வீடாகப் பல்பு எரிந்தது. எங்கள் வீட்டில் எரிந்ததும் அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், யாரோ பெரிய மனிதர் உள்ளே வந்துவிட்டதுபோல். பத்து வீட்டில் எரிந்தது. கடைசி வீட்டில் எரியவில்லை. அது தேன் எடுக்கப் போகிறவரின் வீடு. லைன்மேன்கள் தங்கள் பக்கம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்கள்.

மாமா எந்த வீட்டுக்குள்ளும் இல்லை. தேடினால், புளியமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தேன்காரர் வந்து கூப்பிட்டார். மாமா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். ஊரே பின்னால் வந்தது.

மெயின் சுவிட்சை நிறுத்தினார். பியூஸ் கம்பி மாட்டியிருக்கும் கேரியரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பையின் பித்தானையும் மாட்டினார். தேன்காரரை மெயின் பக்கத்தில் நிற்கவைத்து, யாரையும் கிட்டே விடாதே என்றார். பெற்ற மகனாக இருந்தாலும் விடாதே என்றார். தேன்காரர் சிரித்தார். மாமா பலகைமேல் ஏறி டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. மறுபடி வைத்தார். இறங்கி வந்து மெயினைப் பார்த்தார். மறுபடி ஏறி மூன்றாவது தடவை வைத்தார். அதற்குப்பின்தான் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தார்.

நான் பலகையை ஒட்டி நின்றிருந்தேன். அந்தச் சாமானை வாங்கியவள் என்ற உரிமை எனக்கு இருந்தது. அண்ணாந்து பார்த்தவள், எல்லாருக்கும் கேட்கும்படி, "மாமாவுக்குக் கை நடுங்குது" என்றேன்.

கூட்டம் சிரித்தது. "ஒயர்மேனுக்கே ஒயரக் கண்டா பயம்" என்று யாரோ சொன்னார்கள். அப்பா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிவப்புப் பிடிக்கு அன்றுதான் அவர் கணக்குத் தீர்த்துக்கொண்டார். மாமாவும் கொஞ்சம் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பல்பு ஹோல்டரில் ஒயர் பிடிமானம் விட்டிருந்தது. அதை அறுத்து, புதிதாக உரித்து, இழைகளை எண்ணி, முறுக்கி மாட்டினார். இறங்கி வந்து, பையைத் திறந்து, கேரியரைச் சொருகினார். பல்பு எரிந்தது.

பிறகு விடுதியில் தங்கிப் படித்த வருடங்களில் இந்தக் கதையை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். பிளேயரின் உறையைப் பால் கறந்தது, கரண்ட் இல்லாத ஒயரில் கரண்ட் தேடியது, கடைசியில் கை நடுங்கியது. கை நடுங்கும் இடத்தில் நான் பலகைமேல் ஏறி நடித்தும் காட்டுவேன். அங்கேதான் சிரிப்பு அதிகம் வரும்.

எனக்குக் கல்யாணமாகித் திருவண்ணாமலையில் குடித்தனம் வைத்தபின் மாமா ஒருமுறை வந்திருந்தார். அதற்குள் அவரே லைசன்ஸ் எடுத்துப் பல ஊர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் அடுக்களை அலமாரியில் பிளாட்பாரத்தில் வாங்கிய ஒரு கட்டிங் பிளேயர் கிடந்தது. எடுத்து உறையை இழுத்தார். கையோடு வந்தது. அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, காப்பி ஆறும் வரைக்கும் பேசினார்.

வேலூரில் மேஸ்திரியிடம் அவரோடு இன்னொருவர் வேலை செய்தார். மாமாவைவிடப் பத்து வயது மூத்தவர், மனைவியும் ஒரு பெண் குழந்தையும் உள்ளவர். மாமாவுக்குச் சாப்பாடு அவர் வீட்டில்தான். மாமா முதன்முதலில் தன் சம்பளத்தில் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் ஒரு கட்டிங் பிளேயர் வாங்கினார். பிடியில் ஆயிரம் என்று எழுதியிருந்தது. ஒரு நாள் ஒரு வீட்டில் மெயினை நிறுத்திவிட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, அந்த மூத்தவர் தன் சாமானைக் கீழே வைத்துவிட்டு ஏறிவிட்டார். "உன்னுத குடுடா" என்று கேட்டு வாங்கினார். வீட்டுக்காரர்களில் யாரோ விஷயம் தெரியாமல் மெயினைப் போட்டுவிட்டார்கள். வேர்வையில் உறை வழுக்கிக் கை இரும்பில் பட்டது. கீழே இறக்கியபோது உயிர் இல்லை.

"அவுரு கேட்டாரு. நான் குடுத்தேன்" என்றார் மாமா. "வாங்கறப்ப இழுத்துப் பாக்கல."

ஊரெல்லாம் லைட் போட்ட அந்த மூத்தவரின் குடிசையில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது என்றும் சொன்னார். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். அதோடு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். பிளாட்பாரத்துச் சாமானைத் தன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபிறகு எனக்கு அந்த ஆடி மாதத்தில் நடந்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. விடுதியில் கதை சொன்னபோதெல்லாம் இதை நான் சேர்த்துக்கொண்டதில்லை. இதில் சிரிக்க எதுவும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஊருக்கு லைட் வந்த மூன்றாம் நாள் மாமா காலை பஸ்ஸுக்கு நடந்தார். பையில் சாமான்களும் மிச்சமிருந்த ஒயரும் இருந்தன. வேலூரில் ஒரு வீட்டில் வேலை இருப்பதாக அம்மாவிடம் சொன்னார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார். நன்றாகச் சாப்பிட்டார். பிறகு படுத்து, மறுநாள் மாடு கத்தும் வரைக்கும் தூங்கினார். எழுந்ததும் நான்தான் முதலில் விசாரித்தேன். கொத்து வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களிடம் எத்தனை அறை, எத்தனை வாசல் என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதே தோரணையில், "அந்த வூட்ல எத்தினி பல்பு போட்ட?" என்று கேட்டேன்.

"ஒண்ணு" என்றார்.

"ஒரே ஒரு பல்பா? அதுக்கா நாலு நாளு?"

மாமா மென்றுகொண்டிருந்த வேப்பங்குச்சியைக் கையில் எடுத்தார்.

"அங்க ஒரு பொண்ணு கீது. உன் வயசுதான் இருக்கும். லைட்டு வெளிச்சத்துல குந்திக்கினு படிச்சிச்சி. பாத்துட்டு வந்தேன்" என்றார்.

எனக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. பதினோரு வீட்டை ஒன்பது நாளில் முடித்தவர் ஒரு பல்புக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே போய், மாமா மறுபடியும் சோம்பேறியாகிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "வேலூர் தண்ணி அப்படி" என்றாள்.